சத்தத்துக்கும் படிக்கல் உண்டு

கடை மாடி அறைக்கு நாங்களே செய்த சப்வூஃபர் பெட்டியும், அதில் கற்ற அளவுப் பாடமும்

இரவு ஒன்பதரை மணிக்கு ஷட்டரை இறக்கியதும் கடைக்காரரின் வேலை முடிந்தது என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். இரண்டாவது வேலை அப்போதுதான் தொடங்குகிறது என்பது நமக்கல்லவா தெரியும்! கல்லாவை எண்ண வேண்டும், கடன் நோட்டைப் பார்க்க வேண்டும், வந்த சரக்கின் பில்களை அடுக்க வேண்டும். 2017 ஜூலைக்குப் பிறகு ஜி.எஸ்.டி. கணக்கும் சேர்ந்துகொண்டது. எல்லாம் முடிய மணி பதினொன்றாகிவிடுகிறது.

எங்கள் மளிகைக் கடையின் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் அங்கேதான் கம்ப்யூட்டர் வைத்துக் கணக்கு எழுதுகிறோம். துணைக்குப் பாட்டு. மேஜை மேலிருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் பாடகரின் குரல் நன்றாகவே வரும். ஆனால் தவிலின் அடி வராது, பேஸ் கிதார் இருக்கும் இடமே தெரியாது. சாம்பார் இருக்கிறது, பருப்பு இல்லை என்பது போல.

இந்தக் குறையைத் தீர்க்கப் போய் முதலில் ஏமாந்தோம். பிறகு ஒரு முறை தோற்றோம். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. மூன்றையும் சொல்வதே நம் வணிக நண்பர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

வரவு 40, செலவு 3,000!

முதலில் ஒரு கடையில் சப்வூஃபருடன் கூடிய ஆயத்த செட் ஒன்றை வாங்கினோம். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘3,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்றிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் எந்தப் பாட்டுக்கும் ஒரே ‘டும் டும்’தான். தவிலும் அதே சுரம், மிருதங்கமும் அதே சுரம்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த தம்பி சிரித்துவிட்டான். “அண்ணே, கரண்டு 40 வாட்தான் இழுக்குமாம். உள்ளே 40 மூட்டை வந்து, வெளியே 3,000 மூட்டை வித்திருக்காங்க. இந்தக் கணக்கை ஆடிட்டர்கிட்ட காட்டினா என்ன சொல்லுவார்?”

விஷயம் அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயர் என்பது பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தை எடுத்து, அதில் ஒரு பகுதியைச் சூடாக இழந்துவிட்டு, மீதியை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் கருவி. தொடர்ந்து வாங்குவதைவிட அதிகமாக அதனால் தொடர்ந்து கொடுக்க முடியாது. பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கண நேர உச்சத்தைக் கற்பனையாகக் கணக்கிட்டு, இரண்டு பக்கத்தையும் கூட்டி, இன்னும் பெருக்கி எழுதும் எண். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொது விதி எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். என்று போடப்பட்டிருப்பதே தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட். வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் அதுதான்.

இந்த வித்தை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இதே குழப்பம் மிகுந்துபோய், 1974-ல் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் வீட்டு ஆம்ப்ளிஃபயர் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று தனி விதியே போட வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் தெரிந்துகொள்வது நல்லது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது ‘சற்றே கூடுதல்’ என்று மட்டும் தோன்றும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. மேஜையிலிருந்து ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கும் நமக்கு நேர்மையான 50 வாட் தாராளம்.

அடி ஒலிக்கு ஏன் தனிப் பெட்டி?

நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேஸ் கிதாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை மட்டும் எட்டு மீட்டருக்கு மேல் நீளம். எங்கள் அறையைவிட இரண்டு மடங்கு பெரிது.

ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளும் விசிறி மாதிரி. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். மூன்று அங்குலக் கூம்பால் அது முடியாது. ஆகவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் பிரித்து ஒரு பெரிய கூம்பிடம் ஒப்படைக்கிறார்கள். அதுதான் சப்வூஃபர். இவ்வளவு கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. அதனால் ஒரே பெட்டி போதும். அதை மேஜைக்கு அடியில் வைத்தாலும் பாட்டு மேஜை மேலிருந்து வருவதாகவே தோன்றும்.

தேயிலைப் பெட்டியில் தோற்ற கதை

டீக்கடையிலும் சலூனிலும் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுப் போட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த நினைவில், அப்பா காலத்திலிருந்து பரணில் கிடந்த ஒரு பழைய தேயிலைப் பெட்டியை இறக்கினோம். இப்போது தேயிலை காகிதச் சாக்கில் வருகிறது. அன்று வந்தது ஓரமெல்லாம் தகரப் பட்டி அடித்த ஒட்டுப்பலகைப் பெட்டி. அதில் ஓட்டை போட்டு எட்டு அங்குல ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டைப் போட்டோம்.

பாட்டுக்கு முன்னால் தகரப் பட்டி பாடியது! பலகை மெல்லியது என்பதால் அதுவும் சேர்ந்து அதிர்ந்தது. இணைப்புகளில் காற்று உஸ்ஸென்று போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று நாங்கள் பார்க்கவே இல்லை. படியைப் பார்க்காமல் அளந்து கொட்டிய கதைதான்.

பெட்டிக்கு உள்ளே இருப்பதும் சரக்குதான்

பெட்டி என்றால் அலங்காரம், ஸ்பீக்கரைத் தாங்கி நிற்கும் பலகை என்றே நினைத்திருந்தோம். உண்மையில் உள்ளே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு பாகம். கூம்பு உள்ளே போகும்போது அந்தக் காற்று அழுந்தி ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் கடினம், பெரிதானால் தளர்வு.

இன்று நாம் காணும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை 1925-ல் தந்தவர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இரு பொறியாளர்கள். அவர்கள் பெயர் ரைஸ், கெல்லாக். மளிகைக்காரர்களுக்கு ஏற்ற பெயர்கள்! அடைத்த பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காக்கி, சின்னப் பெட்டியில் ஆழ்ந்த ஒலி தர முடியும் என்று 1954-ல் விற்பனைக்கே கொண்டுவந்து காட்டியவர் எட்கர் வில்ச்சர். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்று கணக்குப் போடும் வழியை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் வெளியிட்டார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை முழுமையாக்கினார். அவர்கள் பெயராலேயே ‘தீல்-ஸ்மால் அளவுகள்’ என்று உலகம் முழுதும் இன்று வழங்குகிறது.

நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் இந்த அளவுகள் அச்சிட்ட தாள் கிடைக்கும். அதில் மூன்று எண்கள் நமக்கு முக்கியம். எஃப்.எஸ். என்பது கூம்பு தானாக அதிரும் இயல்பான அதிர்வெண். வி.ஏ.எஸ். என்பது கூம்பின் தொங்கலுக்குச் சமமான விறைப்புடைய காற்றின் அளவு, லிட்டரில். கியூ.டி.எஸ். என்பது கூம்பு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைக் காட்டும் எண். இந்தத் தாள் இல்லாத ஸ்பீக்கர், காந்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எடை போடாத மூட்டைதான்.

உதாரணமாக, எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் தாளில் எஃப்.எஸ். 32 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். 0.42, வி.ஏ.எஸ். 40 லிட்டர் என்று இருப்பதாகக் கொள்வோம். ஒலி மேடு பள்ளமின்றி வர, பெட்டியோடு சேர்ந்த கியூ 0.707 ஆக இருக்க வேண்டும். இனி பில் போடுவது போலப் போடலாம்:

0.707-ஐ 0.42-ஆல் வகுத்தால் 1.683.
அதை அதனாலேயே பெருக்கினால் 2.834.
அதில் ஒன்றைக் கழித்தால் 1.834.
40-ஐ 1.834-ஆல் வகுத்தால் 21.8 லிட்டர்.

நமக்குத் தெரிந்த மொழியில், 15 கிலோ எண்ணெய் டின்னைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிய பெட்டி. 32-ஐ 1.683-ஆல் பெருக்கினால் 54 ஹெர்ட்ஸ். அதுவரை ஒலி குறையாமல் வந்து, அதற்குக் கீழே மெல்ல மெல்லத் தேயும். சிறிய அறையில் சுவர்களும் கொஞ்சம் கைகொடுக்கும்.

இதே ஸ்பீக்கரை இடம் மிச்சம் என்று 5 லிட்டர் பெட்டியில் திணித்தால் 54 என்பது 96 ஆக ஏறிவிடும். அந்த இடத்தில் ஒலியும் மேடாகப் புடைக்கும். நாங்கள் வாங்கிய செட்டின் ‘டும் டும்’முக்கு விளக்கம் அப்போதுதான் கிடைத்தது.

சின்னப் பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த வாட்டிலேயே நிறைந்த சத்தம்: இந்த மூன்றில் இரண்டைத்தான் கேட்டுப் பெறலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஒலிப் பொறியாளர்கள் இதை ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என்கிறார்கள். நயம் சரக்கு, குறைந்த விலை, நீண்ட கடன் மூன்றையும் ஒரே மண்டியில் கேட்கும் வாடிக்கையாளருக்கு நாம் சொல்லும் பதிலும் இதுதானே!

குழாய் வைத்த பெட்டியும் உண்டு. அது கூடுதல் சத்தம் தரும். ஆனால் குழாயின் நீளமும் குறுக்களவும் சிறிது பிசகினாலும் ஒலி கெட்டுவிடும். அடைத்த பெட்டி சிறு தவறை மன்னிக்கும். முதல் முறை செய்பவர்களுக்கு அதுவே ஏற்றது.

ஆசாரியிடம் கொடுக்க வேண்டிய அளவு

விலை மாதத்துக்கு மாதம் மாறுவது. ஆகவே பொருளையும் அளவையும் மட்டும் தருகிறோம். சென்னை அன்பர்களுக்கு மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது; மற்ற ஊர்களில் ரேடியோ உதிரிப்பாகக் கடைகளில் கேட்கலாம். ஸ்பீக்கரை முதலில் வாங்கி, தாளைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகே பலகை அறுக்க வேண்டும்.

மேலே சொன்ன 21.8 லிட்டருடன் ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டமும் அடைக்கும் இடத்துக்காக இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் சேர்த்தால் 24 லிட்டர் ஆகிறது. உள்ளளவு 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், 27 செ.மீ. ஆழம் என்று வைத்தால் 24.3 லிட்டர். 18 மி.மீ. பலகையில் அறுக்க வேண்டியவை:

முன், பின் பலகை: 33.6 x 33.6 செ.மீ., இரண்டு.
மேல், கீழ்ப் பலகை: 33.6 x 27 செ.மீ., இரண்டு.
பக்கப் பலகை: 30 x 27 செ.மீ., இரண்டு.

எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் இது ஐந்தில் ஒரு பங்குதான். ஆசாரியிடம் மிச்சத் துண்டே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். எம்.டி.எஃப். பலகை சீராக அறுபடும், அதிர்வும் குறைவு. ஆனால் ஈரம் பட்டால் ஊதும். தரை கழுவும் கடையிலும் கடலோர ஊரிலும் நல்ல பிளைவுட்டே மேல். எங்கள் ஆசாரி பலகையைக் கையில் வாங்கியதும், “அண்ணாச்சி, ரேடியோப் பொட்டிக்கு எதுக்கு இம்புட்டுக் கனம்?” என்றார். தேயிலைப் பெட்டியை இறக்கிக் காட்டினோம். பிறகு கேள்வி கேட்கவில்லை.

ஒவ்வோர் இணைப்பிலும் பசை தடவி ஸ்குரூ போட வேண்டும்; ஆணி மட்டும் போதாது. காய்ந்தபின் உள்மூலைகளில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசி அடைக்க வேண்டும். இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தால் பலகை அதிராது. ஸ்பீக்கரின் ஓட்டையை, கையில் உள்ள ஸ்பீக்கரை அளந்தே வெட்ட வேண்டும். ஒரே எட்டு அங்குலம் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி வெட்டளவு மாறும். தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சை உள்ளே தளர்வாகப் போட்டால் பெட்டி சற்றுப் பெரிதானது போல வேலை செய்யும். இலவம் பஞ்சு வேண்டாம். துகள் பறந்து கூம்புக்குள் போய்ச் சேரும்.

காற்று கசிகிறதா என்று பார்க்க நாங்கள் கண்ட வழி ஊதுபத்தி. பாட்டைப் போட்டுவிட்டு, ஏற்றிய பத்தியை இணைப்புகளின் ஓரமாகக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் புகை துள்ளும். கூம்பை நான்கு விரலால் மெல்ல அழுத்திவிட்டாலும் தெரியும். நன்றாக அடைத்த பெட்டியில் அது சோம்பலாகத்தான் திரும்பி வரும். கூட்டல் கழித்தல் முனைகளில் சந்தேகம் இருந்தால் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் கூட்டல் முனை ஸ்பீக்கரின் கூட்டலில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும்.

ஆம்ப்ளிஃபயரும் ஓர் எச்சரிக்கையும்

உதிரிப்பாகக் கடைகளில் டி.டி.ஏ. 7294 என்ற ஐ.சி. வைத்த ஆயத்த போர்டு கிடைக்கிறது. அதன் தயாரிப்பாளரின் தாள்படி, இருபுறமும் 35 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து 70 வாட் தரும். 24-0-24 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் இதற்குப் பொருந்தும். அந்த டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவு 144. வெளியே போவது 70. இங்கே வரவு செலவு டாலி ஆவதைக் கவனியுங்கள். இதற்கு முன்னால் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும் சப்வூஃபர் ஃபில்டர் போர்டு ஒன்றும் வேண்டும்.

இந்த ஐ.சி.யின் முதுகுத் தகடு, மின்சப்ளையின் கழித்தல் முனையோடு உள்ளேயே இணைந்தது. மைக்கா வைக்காமல் அலுமினிய ஹீட் சிங்கில் திருகி, அது கேபினெட்டையும் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். 230 வோல்ட் பக்கத்தில் ஃப்யூஸும் எர்த்தும் கட்டாயம் இருக்க வேண்டும். பெரிய கண்டென்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மின்வேலை பழகாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் நல்ல ரேடியோ மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

எங்கே வைப்பது? யாரைக் கேட்பது?

பெட்டியை எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்தோம். இல்லை. பத்தடிச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸும், பன்னிரண்டடிச் சுவர்களுக்கிடையே 47 ஹெர்ட்ஸும் தேங்கி நின்று, ஓரிடத்தில் பெருத்தும் ஓரிடத்தில் காணாமலும் போகும். இதற்கு எளிய வழி இருக்கிறது. நாம் உட்காரும் நாற்காலி மேல் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாகக் குனிந்து நடந்து கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சீராகக் கேட்கிறதோ, பெட்டியை அங்கே வைத்துவிட்டு நாம் நாற்காலிக்குத் திரும்பலாம். நாங்கள் இருவரும் தரையில் தவழ்ந்ததைப் பார்த்த அப்பா, “சில்லறை எதுவும் விழுந்திருச்சாடா?” என்று கேட்டார்.

முதல் நாள் இரவு மூலையில் வைத்துக் கேட்டபோது, தவிலின் அடி நெஞ்சில் வந்து தட்டியது. நேரம் போனதே தெரியவில்லை. மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா கடைக்கு வந்து பருப்பு வாங்கிவிட்டு, போகும்போது தயங்கிச் சொன்னார்: “தம்பி, ராத்திரி எங்க சுவர் அலமாரிப் பாத்திரம் எல்லாம் கிணுகிணுன்னுச்சு. அம்மாவுக்குத் தூக்கம் வரல.” அவருடைய அம்மாவுக்கு வயது எண்பதுக்கு மேல். பல வருடமாக எங்களிடமே சாமான் வாங்கும் குடும்பம். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

அடி ஒலி சுவரைத் தாண்டும். குரலும் தாளக் கருவியின் கிளிங்கும் இந்தப் பக்கமே நின்றுவிட, அடி மட்டும் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. வணிகப் பகுதியில் 65, 55. அந்த அளவை எடுக்கும் மீட்டரோ காதின் இயல்பை ஒட்டி அடி ஒலியைக் குறைத்தே காட்டும். ஆகவே மீட்டர் சரியென்றாலும் அடுத்த வீட்டுப் பாத்திரம் சரியென்று சொல்லாமல் போகலாம்.

அன்றே பெட்டியைப் பொதுச் சுவரை விட்டுத் தெருப் பக்கம் மாற்றினோம். அடியில் கனமான ரப்பர் துண்டுகள் வைத்தோம். இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபரின் சுவிட்சை அணைத்துவிட்டு, சின்ன ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு வாரம் கழித்து அந்த அக்காவிடம் நாங்களே கேட்டோம். “இப்ப ஒண்ணும் இல்ல தம்பி” என்ற பிறகுதான் வேலை முடிந்ததாக எழுதிக்கொண்டோம்.

படிக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க நம் கடைக்கு அதிகாரி வருகிறார். அட்டைப் பெட்டியில் அச்சடித்த வாட்டுக்கு முத்திரை கேட்டு நமக்காக வருபவர் யாருமில்லை. ஆகவே வாங்கும்போது நாமே கேட்க வேண்டும்: ஆர்.எம்.எஸ். எவ்வளவு? கரண்டு எவ்வளவு இழுக்கும்? அளவுத் தாள் இருக்கிறதா? மளிகையோடு ஃபேன்சி சாமானும் ஸ்பீக்கரும் விற்கும் உறுப்பினர்கள், இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த சரக்கையே அடுக்கினால் நல்லது. சரியான படியில் அளந்தது எதுவாயினும், 22 லிட்டர் காற்றே ஆனாலும், வாங்கியவரை ஏமாற்றுவதில்லை.